அட்டன்பரோ: ஊர்ப்பெயரா, ‘அட்டன்’ பெயரா? ஓர் அரிய பிரிட்டிஷ் குடும்பப்பெயரின் வேர்

பெயர்வேர் (இழை தொடங்கியவர்)

இயற்கை ஆவணப்படங்களால் டேவிட் அட்டன்பரோவை உலகமே அறியும். ஆனால் அந்தக் குடும்பப்பெயர் இங்கிலாந்திலேயே அரிதானது. அதன் வேருக்கு இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன.

ஒன்று, அது ஊர்ப்பெயர். நாட்டிங்காம் நகருக்குத் தென்மேற்கே, ட்ரென்ட் ஆற்றங்கரையில் அட்டன்பரோ என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து போனவர்களுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

இரண்டு, அது இருப்பிடப்பெயர். இடைக்கால ஆங்கிலத்தில் ‘அட்டன்’ என்றால் ‘அந்த இடத்தில்’ என்று பொருள். அதோடு கோட்டையைக் குறிக்கும் ‘பர்’ அல்லது மேட்டைக் குறிக்கும் ‘பாரோ’ சேர்ந்து, ‘கோட்டையடியில் இருப்பவன்’ அல்லது ‘மேட்டில் இருப்பவன்’ ஆனது. இது சரியென்றால் பெயர் பல இடங்களில் தனித்தனியாகப் பிறந்திருக்கலாம். முதலாவது சரியென்றால் ஓரிடத்தில், அநேகமாக ஒரே குடும்பத்தில் தொடங்கியிருக்கும்.

எனக்கு முதலாவதில்தான் நம்பிக்கை. ஆனால் இன்றைய எழுத்துக்கூட்டலைப் பிய்த்துப் பொருள் சொல்வது ஆய்வாகாது. ஆண்டு போட்ட பழைய வடிவங்கள், அவை கிடைத்த இடம், குடும்பங்களின் தொடர்ச்சி, இந்த மூன்றும் ஒத்துப்போக வேண்டும். மொழி, ஆவணம், மரபணு என்று ஒவ்வொன்றிலும் ஆழ்ந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். ஒரு கை பார்ப்போமா?

---

மொழிக்கிளை

மொழிப்பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். ‘அட்டன்’ விளக்கத்தில் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன.

முதல் ஓட்டை பால். பழைய ஆங்கிலத்தில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஆண்பால், பெண்பால், பலவின்பால் உண்டு. ‘அந்த இடத்தில்’ என்ற தொடர் ஆண்பாலுக்கும் பலவின்பாலுக்கும் ‘அட் தென்’ ஆகும், அது சுருங்கி ‘அட்டன்’. பெண்பாலுக்கு ‘அட் தெர்’, சுருங்கி ‘அட்டர்’. கோட்டையைக் குறிக்கும் ‘பர்ஹ்’ பெண்பால் சொல். ஆகவே அதனோடு சேர வேண்டியது ‘அட்டர்’.

இரண்டாவது ஓட்டை வேற்றுமை. ‘பர்ஹ்’ என்ற சொல் ‘இல்’ பொருளில் வரும்போது ‘பிரிக்’ என்று திரியும். இங்கிலாந்தில் ‘பரி’ என்று முடியும் எத்தனையோ ஊர்ப்பெயர்கள் இந்தத் திரிபிலிருந்து வந்தவை. பாலும் வேற்றுமையும் ஒழுங்காக அமைந்தால் என்ன கிடைக்கும்? அட்டர்பரி. அப்படி ஒரு குடும்பப்பெயர் உண்மையிலேயே இருக்கிறது, அது வேறு குடும்பம். அட்டன்பரோ அந்த அச்சில் வார்த்ததல்ல.

மூன்றாவது ஓட்டை ‘ன்’. இந்த வகைப் பெயர்களில் அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால்தான் ‘ன்’ நிற்கும். ‘அட்டன் ஆஷ்’ (ஆஷ் என்ற மரத்தடியில்) என்பதைத் தவறாகப் பிரித்து ‘நாஷ்’ ஆனது. ‘அட்டன் எல்ம்ஸ்’ என்பதிலிருந்து ‘நெல்ம்ஸ்’. மெய்யெழுத்து வந்தால் ‘ன்’ விழுந்துவிடும்: அட்வுட், அட்வெல். ‘ப’ முன்னால் ‘ன்’ இவ்வளவு உறுதியாக நிற்பது இந்த வகைக்கு வழக்கமில்லை.

---

சுவடிப்பெட்டி

ஒரு தடை சொல்ல வேண்டும். பால் விதி அவ்வளவு இறுக்கமானதா? ஓக் மரம் பழைய ஆங்கிலத்தில் பெண்பால். உங்கள் கணக்குப்படி ‘அட்டர் ஓக்’ மட்டும்தான் இருக்க வேண்டும், அதிலிருந்து ‘ரோக்’ போன்ற பெயர்கள். அவை இருக்கின்றன, சரி. ஆனால் ‘நோக்ஸ்’ என்ற பெயர் அதைவிடப் பரவலானது. அது ‘அட்டன் ஓக்ஸ்’ என்பதிலிருந்து வந்தது. குடும்பப்பெயர்கள் உருவான 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் பால் வேறுபாடே மங்கிவிட்டதே. அதோடு, மேட்டைக் குறிக்கும் ‘பெயோர்க்’ ஆண்பால் சொல்தானே? அதற்கு ‘அட்டன்’ பொருந்துமே.

---

மொழிக்கிளை

நல்ல தடை. ஒப்புக்கொள்கிறேன், பாலை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. மேட்டுப் பொருளை இலக்கணம் தடுக்கவுமில்லை. அட்டன்பாரோ, அட்டன்பரோ என்று இரண்டு வடிவங்களும் குடும்பப்பெயராக எழுதப்பட்டிருப்பதால் அந்த வாசல் திறந்தே இருக்கிறது.

ஆனால் மூன்றாவது ஓட்டை அப்படியே இருக்கிறது. ‘பெயோர்க்’கும் மெய்யெழுத்தில்தான் தொடங்குகிறது. இன்னொரு பக்கம், ஊர்ப்பெயரின் வரலாறு ஒழுங்காக வருகிறது. ஊரின் இடைக்கால வடிவங்கள் ‘ட்ட’ ஒலியில் தொடங்கவில்லை. ‘அடின்பர்’, ‘அடன்பர்’ என்று மெல்லிய ‘ட’ ஒலியோடு இருக்கின்றன, ஆங்கிலத்தில் ‘டி’ (d) எழுத்து. பிரித்தால் ‘ஆடா’ போன்ற ஓர் ஆள்பெயர், நடுவில் அவனைச் சேர்ந்ததைக் குறிக்கும் ‘இங்’, கடைசியில் ‘பர்ஹ்’. ‘ஆடாவின் அரண்’ என்று கொள்ளலாம். ‘இங்’ தேய்ந்து ‘இன்’, பிறகு ‘அன்’. அந்த ‘ன்’ எங்கிருந்து வந்தது என்பதற்கு இதுவே விடை.

மெல்லிய ‘ட’ பின்னாளில் வல்லின ‘ட்ட’ ஆனதற்கு, அட்வுட், அட்வெல் போன்ற பெயர்களின் சாயல் காரணமாக இருக்கலாம். பொருள் மறந்துபோன சொல்லை மக்கள் பொருள் தெரிந்த சொல்லின் அச்சுக்கு இழுப்பது எல்லா மொழியிலும் நடப்பது.

ஓர் இணைச் செய்தி. டேவிட்டின் தந்தை ஃப்ரெடரிக் அட்டன்பரோ (1887–1973) பழைய ஆங்கில அறிஞர். இங்கிலாந்தின் மிகப் பழைய மன்னர்களின் சட்டங்களைப் பதிப்பித்து மொழிபெயர்த்து 1922-இல் வெளியிட்டவர். தன் பெயரின் கடைசிச் சொல்லைப் பழைய மூலங்களிலேயே படித்தவர் அவர்.

---

வேணி

சில கேள்விகள். ஊருக்குள் இருப்பவரை ‘அட்டன்பரோக்காரர்’ என்று யாரும் கூப்பிட மாட்டார்களே? அப்படியானால் பெயர் எங்கே தொடங்கியிருக்கும்? கேம்பிரிட்ஜில் ஆடன்ப்ரூக் மருத்துவமனை இருக்கிறதே, அது இதே பெயரின் திரிபா? 1851 கணக்கெடுப்பில் லண்டனில் நிறைய அட்டன்பரோக்கள் தெரிகிறார்கள், லண்டன் ஒரு தனி மூலமா?

---

சுவடிப்பெட்டி

வேணி, முதல் கேள்விதான் இந்த இழையின் முதுகெலும்பு. ஊர்வழிக் குடும்பப்பெயர் அந்த ஊரைவிட்டு வெளியேறியவருக்குத்தான் ஒட்டும். ஆகவே தொடக்க காலப் பெயர்தாரிகளை அட்டன்பரோவுக்குள் தேடாதீர்கள். ஒரு நாள் நடையில் அடையக்கூடிய அக்கம்பக்கத்து ஊர்களிலும் நாட்டிங்காம் சந்தையிலும் தேடுங்கள்.

இந்த ஊரில் இன்னொரு நுணுக்கம் உண்டு. 1086-இன் டூம்ஸ்டே நிலக் கணக்கெடுப்பில் அட்டன்பரோ என்ற பெயரே இல்லை, ஆனால் அண்டையிலுள்ள சில்வெல்லும் டோட்டனும் இருக்கின்றன. பிற்காலத்தில் அந்த இரண்டு ஊர்களும் அட்டன்பரோவின் புனித மேரி தேவாலயப் பங்குக்குள், அதாவது அந்தக் கோயிலின் ஆளுகைப் பகுதிக்குள், வந்தன. பக்கத்து பிராம்கோட் அதன் துணைக்கோயில். எனவே ‘அட்டன்பரோவிலிருந்து வந்தவன்’ என்று அழைக்கப்பட்டவன் உண்மையில் சில்வெல்காரனாக இருக்கலாம். வெளியூரில் பங்கின் பெயரே அடையாளமாகும். (ஆலிவர் கிராம்வெல்லின் மருமகனும் தளபதியுமான ஹென்றி அயர்டன் 1611-இல் திருமுழுக்குப் பெற்றது இதே கோயிலில்.)

ஆடன்ப்ரூக் முற்றிலும் வேறு பெயர். அதன் கடைசிச் சொல் ஓடை, பெயர் வளர்ந்த இடம் மேற்கு மிட்லண்ட்ஸ். மருத்துவமனையின் பெயர், 1719-இல் இறந்த மருத்துவர் ஜான் ஆடன்ப்ரூக்கால் வந்தது. இரண்டையும் ஒரே மரத்தில் போட்டால் மரம் சாயும்.

லண்டன் ஒரு மூலமா என்று பார்க்க 1851 கணக்கெடுப்பின் பிறந்த ஊர்ப் பத்தியைப் படியுங்கள். 19-ஆம் நூற்றாண்டு லண்டனில் அட்டன்பரோ என்றால் அடகுக்கடை என்று பொருள்படும் அளவுக்கு அந்தத் தொழிலில் பெயர் பெற்றவர்கள் இருந்தார்கள். ஒரு தொழில் குடும்பம் மருமகன், தம்பி, பயிற்சிப் பையன் என்று ஆட்களை வரவழைத்தால் புதிய ஊரில் ஒரு திரள் முளைத்துவிடும். அது குடியேற்றத் திரள். முதியவர்கள் எங்கே பிறந்தார்கள் என்று பார்த்தால்தான் மூலம் தெரியும், குழந்தைகள் பிறந்த இடம் எதையும் சொல்லாது. 1841 கணக்கெடுப்பு இதற்கு உதவாது. அதில் ‘இதே கவுன்டியில் பிறந்தவரா’ என்பதற்கு ஆம், இல்லை மட்டும்தான். 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதையும் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் கீழே இறக்கி எழுதியிருப்பார்கள்.

---

பெயர்வேர்

தேடுகிறவர்களுக்கு ஒரு வேலைமுறை. கண்ணில் பட்ட அட்டன்பரோவையெல்லாம் அள்ளி மரத்தில் ஒட்டுவது பலர் செய்யும் பிழை. அண்மைக் காலத்திலிருந்து பின்னோக்கி, ஒவ்வொரு காலக்கட்டத்தையும் முழுமையாக முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும்.

தொடக்கம் குடிமைப் பதிவு. இங்கிலாந்து, வேல்ஸில் 1837 ஜூலை 1 முதல் உண்டு. ஸ்காட்லாந்தில் 1855 முதல், அயர்லாந்தில் 1864 முதல். அட்டன்பரோ போன்ற அரிய பெயருக்கு அட்டவணையிலுள்ள எல்லாப் பிறப்பு, திருமணம், இறப்புகளையும் ஒரு விரிதாளில் ஏற்ற முடியும். இந்தச் சலுகை ஸ்மித்துக்குக் கிடையாது. பொதுப் பதிவாளர் அலுவலகத்தின் இணைய அட்டவணையில் 1837 முதலே தாயின் பிறந்தவீட்டுப் பெயர் இருக்கிறது. பழைய அச்சு அட்டவணையில் அது 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்துதான். தாயின் பெயரும் பதிவு மாவட்டமும் ஒத்துப்போகும் குழந்தைகளை ஒன்றாகக் கட்டினால், சான்றிதழ் வாங்காமலேயே பெரும்பாலான குடும்பங்கள் உருவாகிவிடும். ஐயம் மிஞ்சும் இடத்துக்கு மட்டும் பணம் செலவழியுங்கள். 2024 ஏப்ரல் நிலவரப்படி தாள் சான்றிதழ் 12.50 பவுண்டு, பழைய பிறப்பு, இறப்புப் பதிவுகளின் எண்மப் படம் 3 பவுண்டு.

பிறப்பு அட்டவணையில் ஒரு குழந்தை இல்லையென்றால் பதறாதீர்கள். 1875 வரை பதிவு செய்யும் பொறுப்பு பெற்றோர்மீது அழுத்தமாக விழவில்லை, விடுபட்ட குழந்தைகள் ஏராளம். அங்கே திருமுழுக்குப் பதிவேடுதான் துணை.

அடுத்து கணக்கெடுப்புகள், 1841 முதல் 1921 வரை. 1931 ஏடுகள் 1942 டிசம்பரில் நெருப்பில் போயின, 1941-இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அந்த இடைவெளிக்கு 1939 பதிவேடு ஓரளவு கைகொடுக்கும்.

---

சுவடிப்பெட்டி

பெயர்வேர் விட்ட ஒரு பொறியைச் சேர்க்கிறேன். அட்டன்பரோ வட்டாரத்தில் இதில் விழாதவர் குறைவு. பதிவு மாவட்டங்கள் கவுன்டி எல்லையைப் பொருட்படுத்தாதவை. எரிவாஷ் ஆறு நாட்டிங்காம்ஷயருக்கும் டெர்பிஷயருக்கும் எல்லை. ஆற்றின் நாட்டிங்காம்ஷயர் கரையிலுள்ள ஸ்டேபிள்ஃபோர்டு 19-ஆம் நூற்றாண்டில் டெர்பிஷயரின் ஷார்ட்லோ பதிவு மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. அட்டவணையில் ‘ஷார்ட்லோ’ என்று பார்த்ததும் குடும்பம் டெர்பிஷயருக்குக் குடிபெயர்ந்தது என்று எழுதிவிடுகிறார்கள். அவர்கள் வீட்டைவிட்டு ஓர் அடிகூட நகர்ந்திருக்க மாட்டார்கள்.

கோயில் நிர்வாகத்திலும் இதே எல்லைச் சிக்கல். நாட்டிங்காம்ஷயர் 1837 வரை யார்க் மறைமாவட்டத்தில் இருந்தது, பிறகு லிங்கன், 1884 முதல் சௌத்வெல். ஆற்றைத் தாண்டினால் டெர்பிஷயர், அது பழைய நாளில் லிச்ஃபீல்டு மறைமாவட்டம். எனவே அண்ணன் தம்பி இருவர் ஆற்றின் இரு கரையில் இறந்தால் ஒருவர் உயிலை யார்க் மறைமாவட்ட ஆவணங்களிலும் மற்றவர் உயிலை லிச்ஃபீல்டு ஆவணங்களிலும் தேட வேண்டும். பல மறைமாவட்டங்களில் சொத்து வைத்திருந்த வசதியானவர் என்றால் அவர் உயில் கேன்டர்பரிப் பேராயரின் உயில் நீதிமன்றத்துக்குப் போயிருக்கும். 1384 முதல் 1858 வரையான அந்த உயில்கள் தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. 1858 ஜனவரி 12-க்குப் பிறகு எல்லாம் அரசின் ஒரே அட்டவணைக்குள் வந்துவிடும். கோயில் வழக்குகள், திருமணப் பிணைப்பத்திரங்கள் உள்ள நாட்டிங்காம் ஆர்ச்டீக்கன் (பிஷப்புக்கு அடுத்த நிலைக் குரு) ஆவணங்கள் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் கையெழுத்துச் சுவடிப் பிரிவில் உள்ளன. இவற்றில்தான் வயது, தொழில், ஊர் மூன்றும் ஒரே தாளில் கிடைக்கும்.

---

வேணி

எழுத்துக்கூட்டல் பற்றியும் சொல்லுங்கள். ‘அட்டன்பரோ’ என்று தேடினால் பதிவுகள் பாதிதான் வருகின்றன.

---

சுவடிப்பெட்டி

வரத்தான் செய்யாது. ஆங்கிலத்தில் இந்தப் பெயரின் கடைசியில் நிற்கும் ‘ஓ-யு-ஜி-எச்’ என்ற நான்கெழுத்துக் கூட்டம் பிற்காலத்தில்தான் நிலைத்தது. பங்குக் குரு காதில் விழுந்ததை எழுதினார். ஒரே தகப்பனின் மூன்று பிள்ளைகள் மூன்று எழுத்துக்கூட்டலில் பதிவாவது இயல்பு. அதை மூன்று குடும்பமாகப் பிரிக்க வேண்டாம்.

தேட வேண்டிய திரிபுகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று, ஒலித்திரிபு: அட்டன்பரோ, அட்டன்பாரோ, அட்டின்பரோ, அடன்பரோ. வாயில் ‘ஹ’ சேர்த்து ஹட்டன்பரோ என்றும் எழுதியிருப்பார்கள். இரண்டு, பழைய கையெழுத்தை இன்று பெயர்த்தெழுதுகிறவரின் தவறு: இரட்டை ‘டி’யின் (tt) குறுக்குக் கோடு மங்கினால் இரட்டை ‘எல்’ (ll) ஆகத் தெரியும், பெயர் ‘ஆலன்பரோ’ ஆகிவிடும். அட்டவணையில் ஆலன்பரோ என்று வந்தால் மூலப்படத்தைத் திறந்து பாருங்கள். மூன்று, சுருக்கம்: எழுத்தர் கடைசி மூன்றெழுத்தை விட்டுவிட்டு ‘போரோ’ என்று நிறுத்துவது.

தேடுபெட்டியில் உயிரெழுத்துகளை நம்பாதீர்கள். ஆங்கிலத்தில் ‘ஏ’, பிறகு நட்சத்திரக் குறி, பிறகு ‘என்-பி’, மறுபடி நட்சத்திரக் குறி, ‘ஆர்’, நட்சத்திரக் குறி. இந்த எலும்புக்கூடு முதல் வகைத் திரிபுகளை ஏறக்குறைய முழுதும் அள்ளிவிடும். வேண்டாத ஆடன்ப்ரூக்கும் கூடவே வரும், அதைக் கையால் தள்ளுங்கள். ஹட்டன்பரோ மட்டும் இதில் சிக்காது, ‘எச்’ வைத்து மறுபடி ஒரு தேடல் போடுங்கள்.

விரிதாளில் இரண்டு பத்தி கட்டாயம்: ‘ஆவணத்தில் உள்ளபடி’, ‘நாம் வகைப்படுத்தியபடி’. முதல் பத்தியை ஒருபோதும் திருத்தக் கூடாது. மெல்லிய ‘ட’ எப்போது வல்லினமானது என்ற மொழிக்கிளையின் கேள்விக்கு அந்தப் பத்தியிலிருந்துதான் விடை வரும்.

---

பெயர்வேர்

1837-க்கு முந்தைய பாதை. பங்குப் பதிவேடுகள் 1538-இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல்லின் ஆணையால் தொடங்கின. தொடக்கத்தில் பல ஊர்களில் தாளில் எழுதினார்கள். 1598 ஆணைப்படி அவற்றைத் தோல்சுவடியில் படியெடுத்தபோது, முதல் எலிசபெத் ஆட்சி தொடங்கிய 1558-இலிருந்து எழுதினால் போதும் என்று பலர் விட்டுவிட்டார்கள். ஆகவே உங்கள் ஊர்ப் பதிவேடு 1558-ஐ ஒட்டித் தொடங்கினால் வியப்பில்லை.

தேதிகளில் கவனம். 1752 வரை ஆண்டுப் பிறப்பு மார்ச் 25. பதிவேட்டில் ‘1640 பிப்ரவரி’ என்றிருந்தால் நம் கணக்கில் அது 1641. இதை மறந்தால், 1640 ஜூனில் திருமணமாகி எட்டு மாதம் கழித்துப் பெற்ற பிள்ளை, திருமணத்துக்கு நான்கு மாதம் முன்பே பிறந்ததாகத் தெரியும். நான் ‘1640/41’ என்று இரண்டையும் எழுதுகிறேன்.

1642-இல் உள்நாட்டுப் போர் தொடங்கியதிலிருந்து 1660 வரை பதிவேடுகளில் ஓட்டை விழும். 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்னி வரி இருந்தது. அதைத் தவிர்க்கச் சிலர் பிள்ளைகளுக்குத் திருமுழுக்கைத் தள்ளிப்போட்டு, வரி நீங்கியதும் மொத்தமாகச் செய்தார்கள். 1795 வாக்கில் ஒரே நாளில் நான்கு பிள்ளைகளுக்குத் திருமுழுக்கு என்றால் நால்வரும் ஒரே பிரசவத்தில் பிறந்தவர்கள் என்று முடிவு கட்டாமல் வயதைத் தேடுங்கள்.

1813 முதல் திருமுழுக்குக்கு அச்சிட்ட படிவம் வந்தது, தகப்பனின் தொழிலும் சேர்ந்தது. 1754-இலிருந்து திருமணத்துக்குச் சாட்சிகளின் கையொப்பம் உண்டு. சாட்சிகளில் பாதிப்பேர் உறவினர். அந்தப் பெயர்களைப் பதியாமல் விடுகிறவர்கள் தங்கத்தைக் குப்பையில் போடுகிறார்கள்.

---

சுவடிப்பெட்டி

17-ஆம் நூற்றாண்டுக்குள் நுழைந்ததும் நாட்டிங்காம்ஷயர்க்காரர்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. 1641–42 உறுதிமொழிப் பட்டியல்கள் இந்த கவுன்டிக்கு நன்றாகவே தப்பியிருக்கின்றன. 18 வயது நிரம்பிய ஆண்கள் எல்லாரும், ஊர்வாரியாக. உள்நாட்டுப் போரின் வாசலில் எடுத்த ஆண்களின் கணக்கெடுப்பு போன்றது அது. 1664, 1674 அடுப்பு வரிப் பட்டியல்களையும் நாட்டிங்காம்ஷயர் வரலாற்று அமைப்பான தோரோடன் கழகம் அச்சிட்டிருக்கிறது. எத்தனை அடுப்பு என்று தெரிந்தால் வசதியும் தெரியும்.

இந்த இரண்டையும் ஒரே வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள். புள்ளிகள் அட்டன்பரோவைச் சுற்றி நெருங்கினால் ஊர்ப்பெயர் வாதம் வலுக்கும். கென்ட், டெவன் என்று தொடர்பில்லாத இடங்களில் தனித் திரள்கள் தெரிந்தால் ‘மேட்டில் இருப்பவன்’ வாதத்தை மறுபடி எடுக்க வேண்டும். 1881 கணக்கெடுப்பை வைத்து வரைவது எளிது, ஆனால் அதற்குள் ரயிலும் தொழிற்சாலையும் வந்து மக்களைக் கலைத்துவிட்டன. 1890-இல் ஹென்றி கப்பி குடும்பப்பெயர்களின் தாயகத்தைத் தேடியபோது விவசாயிகளின் பெயர்களை மட்டும் எண்ணினார். நிலத்தோடு கட்டுண்டவர்கள் குறைவாக நகர்வார்கள் என்ற கணக்கு. நல்ல கணக்குதான்.

இன்னும் பின்னே போனால் 1524–25 மானிய வரி, 1377, 1379, 1381 தலைவரிகள், 1327, 1332 வரிகள். எல்லாம் தேசிய ஆவணக்காப்பகத்தின் ‘ஈ 179’ தொகுதியில். 1332-இல் நாட்டுப்புறத்தில் அசையும் பொருளில் பதினைந்தில் ஒரு பங்கு, நகரத்தில் பத்தில் ஒரு பங்கு. குறைந்த பொருள் உள்ளவர்களுக்கு விலக்கு, ஆகவே ஏழைகள் பட்டியலில் இல்லை. பெயர் காணவில்லை என்றால் ஆளே இல்லை என்று பொருளாகாது. 1334 முதல் ஊருக்கு இவ்வளவு என்று மொத்தத் தொகையாக வாங்கினார்கள், பெயர்ப் பட்டியல் நின்றுபோனது. அந்த இடைவெளிக்குள்தான் 1348–49 கொள்ளைநோய் வருகிறது.

1332 பட்டியலில் ஒருவர் ஊர்ப்பெயருக்கு முன் ‘டி’ (de) என்ற சொல் வந்தால் அது ‘அந்த ஊரிலிருந்து’. ‘அட்டே’ என்று வந்தால் இருப்பிடம். குமாஸ்தா எந்த முன்னொட்டைப் போட்டார் என்பதைப் படியெடுக்காமல் விடாதீர்கள். நம் முழு வழக்கும் அந்த ஒரு சொல்லில் தொங்குகிறது.

---

மரபெண்

மரபணுப் பக்கம். தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும் ஒய் குரோமோசோமும் குடும்பப்பெயரும் ஒரே வழியில் பயணிக்கின்றன. லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங், மார்க் ஜாப்லிங் இருவரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் 40 பிரிட்டிஷ் குடும்பப்பெயர்கள், 1,678 ஆண்கள். பெயர் அரிதாக அரிதாக ஒரே மூதாதையிடம் போய்ச் சேரும் விகிதம் கூடியது. ஸ்மித் போன்ற பெயரில் அப்படி எதுவும் தெரியவில்லை. அட்டன்பரோவும் அந்த 40-இல் ஒன்று. மாதிரி கொடுத்தவர்களில் பெரும்பான்மையோர் ஒரே கொத்தில் விழுந்தார்கள், அதுவும் பிரிட்டனில் குறைவாகக் காணப்படும் ‘ஈ’ என்ற பெருங்குழுவில் (தொன்மையான ஒரே தகப்பன்வழி முன்னோரைக் கொண்ட ஒய் வகை).

இந்த அரிய குழு ஒரு பெரிய வசதி. பிரிட்டிஷ் ஆண்களில் பாதிக்கு மேல் ‘ஆர்1பி’ குழு. அதற்குள் இரண்டு பேர் 12 குறியீடுகளில் (ஒய் குரோமோசோமில் ஒப்பிட்டுப் பார்க்கும் இடங்களில்) தற்செயலாகவே ஒத்துப்போகலாம். ‘ஈ’ குழுவில் அந்தத் தற்செயல் மிகக் குறைவு.

---

வேணி

‘ஈ’ குழு தென் ஐரோப்பாவில் அதிகமாமே? அப்படியானால் அட்டன்பரோக்கள் ரோமானியப் படைவீரர்களின் வழியா?

---

மரபெண்

அந்தத் தாவல் வேண்டாம், வேணி. பெருங்குழு பல ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது, குடும்பப்பெயர் சுமார் 700 ஆண்டு. நாட்டிங்காம்ஷயரில் பெயரை ஏற்ற மனிதரின் முன்னோர் எந்த நூற்றாண்டில், எந்த வழியாகத் தீவுக்கு வந்தார் என்று இந்தச் சோதனை சொல்லாது. இன்று அந்தப் பெயரைச் சுமப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஒரே தகப்பன்வழி முன்னோர் உண்டு என்று மட்டும் சொல்லும்.

அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது, பெயர்வேர் கவனிக்க வேண்டும். ஒரே கொத்து என்பதால் பெயர் ஒரே மனிதரிடம் தொடங்கியது என்று ஆகிவிடாது. மக்கள்தொகை ஏறாமல் இறங்காமல் இருந்து, ஒவ்வோர் ஆணுக்கும் சராசரியாக ஒரு மகன் வளர்ந்தால், 23 தலைமுறைக்குள் தொடக்க வழிகளில் நூற்றுக்கு 90-க்கு மேல் ஆண்வாரிசின்றி அழிந்துவிடும். கால்டனும் வாட்சனும் 1870-களில் போட்ட கணக்கு இதுதான். பத்துப் பேர் தனித்தனியே அட்டன்பரோ என்று பெயரேற்றிருந்தாலும் இன்று ஒருவரின் வழி மட்டும் எஞ்சியிருக்கலாம். கொள்ளைநோய் அந்தக் கழிவை இன்னும் விரைவாக்கியிருக்கும்.

---

பெயர்வேர்

ஏற்கிறேன். அப்படியானால் மரபணு ‘ஊர்ப்பெயர்’ வாதத்தை நிறுவாது, ஒத்துப்போகிறது என்று மட்டும் சொல்லலாம். சோதனை செய்ய விரும்புகிறவர்கள் எப்படித் தொடங்குவது?

---

மரபெண்

முதலில் தாள்வழி மரம், பிறகுதான் எச்சில் குழாய். விரிதாளில் நாலைந்து தனி மரங்கள் தேறியதும், ஒவ்வொரு மரத்திலும் மிக விலகிய இரண்டு கிளைகளிலிருந்து ஓர் ஆண் வீதம் எடுங்கள். அண்ணன் தம்பி இருவரைச் சோதிப்பது காசுக்குக் கேடு. இரண்டு விலகிய கிளைகளும் ஒத்துப்போனால் அவர்களின் பொது முன்னோர்வரை அந்த மரம் உறுதி. ஒத்துப்போகாவிட்டால் முறிவு எந்தக் கிளையில் என்று அறிய மூன்றாவது ஆள் வேண்டும். பெண்களுக்கு ஒய் குரோமோசோம் இல்லை, உடன்பிறந்தவரோ சித்தப்பாவோ கொடுக்கலாம். மாதிரி வாங்குமுன், எதிர்பாராத முடிவு வரக்கூடும் என்பதைச் சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

குறைந்தது 37 குறியீடு. ‘37-இல் 4 வேறுபாடு வரை உறவு’ என்ற வழிகாட்டியை இடைக்காலக் கேள்விக்குப் பயன்படுத்தாதீர்கள். கணக்கு எளிது. பொது முன்னோர் 23 தலைமுறைக்கு முன் என்றால் இரு கிளைக்குமாக 46 கைமாற்றம். ஒரு குறியீடு ஒரு தலைமுறையில் மாறும் வாய்ப்பு 0.003 என்றால், 46 × 37 × 0.003, அதாவது சுமார் 5 மாற்றம். 0.005 என்றால் எட்டுக்கு மேல். 6 வேறுபாடு உள்ள இருவரை உறவில்லை என்று தள்ளினால் உண்மையான பங்காளிகளையே தள்ளிவிடுவீர்கள். ஐயமான இடத்தில் 111 குறியீடு, அதற்கும் மேல் குரோமோசோமை விரிவாகப் படிக்கும் சோதனை.

கொத்துக்கு வெளியே விழுகிறவர்கள் ‘போலி’ இல்லை. ஒரு தலைமுறைக்கு நூற்றுக்கு 2 முறிவு என்று வைத்தால்கூட 23 தலைமுறைக்குப் பிறகு நூற்றுக்கு 63 பேர்தான் முறியாத வழியில் இருப்பார்கள். தத்து, மணமாகாத தாயின் பெயரைப் பிள்ளை ஏற்பது, சொத்துக்காகப் பெயர் மாற்றுவது எல்லாம் அந்த இரண்டுக்குள் அடக்கம்.

---

சுவடிப்பெட்டி

அந்த முறிவுகளில் பலவற்றுக்குத் தாளிலேயே சான்று உண்டு. ஏழை நிவாரணச் செலவு பங்கின் தலையில் விழுந்ததால், மணமாகாத தாயிடம் தகப்பன் பெயரைக் கேட்டு அவனிடம் பிணைப்பத்திரம் எழுதி வாங்கினார்கள். 1662 சட்டத்துக்குப் பிறகு ஒருவர் எந்தப் பங்கில் குடியிருக்க உரிமை உடையவர் என்ற சான்றும் வெளியேற்ற ஆணையும் சேரும். நாட்டிங்காம்ஷயர் ஆவணக்காப்பகத்தில் பங்குப் பெட்டிகளில் பாருங்கள். மரபெண் சொல்லும் ‘வெளியே விழுந்த’ கிளைக்கு வேறொரு குடும்பப்பெயரோடு ஒய் பொருத்தம் வந்தால், அதே பெயருள்ள ஆள் ஒருவர் அந்தப் பங்கின் பிணைப்பத்திரத்தில் இருக்கிறாரா என்று தேடுவது முதல் வேலை.

---

வேணி

கடைசியாக ஒன்று. 1790 வாக்கில் பிறந்த ஓர் அட்டன்பரோ. திருமணம், இறப்பு இரண்டும் கிடைக்கின்றன. திருமுழுக்கு மட்டும் எந்தப் பங்குப் பதிவேட்டிலும் இல்லை. யார்க் மறைமாவட்டத்துக்கு அனுப்பிய பதிவேட்டுப் படிகளிலும் இல்லை, எரிவாஷின் அக்கரையிலும் தேடியாயிற்று. மூன்று பென்னி வரிக்காகத் தள்ளிப்போட்டிருப்பார்களோ என்று 1800 வரை பார்த்தாயிற்று.

---

சுவடிப்பெட்டி

ஆங்கிலிக்கன் அல்லாத சபைகளைப் பாருங்கள். அந்தப் பகுதியில் பாப்டிஸ்ட் சபைகள் உண்டு, அவர்கள் குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுப்பதில்லை. எனவே ‘திருமுழுக்கு’ என்ற பெட்டியில் தேடினால் வராது, ‘பிறப்பு’ என்று தேட வேண்டும். 1837-ஐ ஒட்டி அரசிடம் ஒப்படைத்த அந்தப் பதிவேடுகள் தேசிய ஆவணக்காப்பகத்தின் ‘ஆர்.ஜி. 4’ தொகுதியில் இருக்கின்றன. அதிலும் இல்லையென்றால், 1742-இல் தொடங்கி 1837 வரை நடந்த டாக்டர் வில்லியம்ஸ் நூலகப் பிறப்புப் பதிவைத் திறவுங்கள், அது ‘ஆர்.ஜி. 5’. அதில் தாய்வழித் தாத்தா, பாட்டி பெயர்களும் பெரும்பாலும் எழுதியிருக்கும். எழுத்துக்கூட்டலை ‘ஏ, நட்சத்திரம், என்-பி’ எலும்புக்கூட்டிலேயே வையுங்கள், ‘எச்’ வைத்தும் ஒரு முறை. கிடைத்ததும் ‘ஆவணத்தில் உள்ளபடி’ பத்தியை இங்கே ஒட்டுங்கள், மொழிக்கிளைக்கு அந்த ‘ட’ வேண்டும்.